அமைதி வேறு, அச்சம் வேறு



'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. 'நிறைகுடம் தளும்பாது' என்பதும் நம் நாட்டுப் பழமொழியே. ஆயினும் இன்றைய உலகம் முதலாவதைத்தான் நம்புகிறது. மயிலாப்பூர்ப் பள்ளியானாலும் அடையாற்றுக் கல்லூரியானாலும் முந்திக்கொண்டு விடை சொல்பவனே அறிவாளி எனப்படுகிறான். தியாகராய நகரில் வேலை தேடி நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞனை, அவன் கற்றதைவிடப் பேசியதைக் கொண்டே எடைபோடுகின்றனர்.

உளவியல் அறிஞர் கார்ல் யுங், 1921இல் வெளியிட்ட நூலில், மனித இயல்பை அகமுகம், புறமுகம் என வகுத்துக் காட்டினார். அகமுகர் தனித்திருந்து சிந்தித்துத் தெளிபவர். புறமுகர் பிறரோடு கலந்து பழகுவதால் ஊக்கம் பெறுபவர். இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை.

நிற்க. நம்மிடையே வாய் திறவாதோர் அனைவரும் இயல்பால் அமைதியானவர்தாமா? இதற்கு இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்க்கை விடை கூறும். கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதி தெரிந்துவிடுமோ என அஞ்சி, பள்ளி மணி அடித்த பின்னரே அவர் வகுப்பில் நுழைவார். பள்ளி விட்டதும், பிறர் நெருங்குமுன் விரைந்து வீடு சேர்வார். உடன் பயின்றோருடன் விளையாடவும் இயலவில்லை. 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதனை எழுதியுள்ளார். கண்டோர் அவரைக் கூச்சமுள்ள பையன் என்று எண்ணியிருக்கக்கூடும். அந்த மௌனத்தை விளைவித்தது சாதிக் கொடுமையே.

அப்பூட்டை அவர் எழுத்தால் திறந்தார். சாதியை மறைத்துப் படிக்க நேர்ந்த அவர், 1893இல் சென்னையில் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். 1924இல் சென்னைச் சட்டசபையில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியன எனத் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களுக்காக வாதாடினார். அடையாற்றை அடுத்த கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில் அவருடைய மணிமண்டபம் உள்ளது. நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் அங்குச் சென்று வரவேண்டும்.

பெற்றோரே, ஆசிரியர்களே! பேசாத பிள்ளையை 'ஊமைக்கோட்டான்' எனப் பழிக்காதீர்கள். அது இயல்பா, அச்சமா என்று முதலில் அறியுங்கள். இயல்பாயின், எழுதிக் காட்ட வாய்ப்பளியுங்கள். அச்சமாயின், அதன் காரணத்தைக் களையுங்கள். மாலைநேர வகுப்புகளில் பிள்ளைகளை நால்வர் ஐவராக அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் பேச முறை கொடுங்கள். பெரிய கூட்டத்தில் நா எழாத பிள்ளை சிறிய வட்டத்தில் பேசும்.

இளைஞர்களே! நேர்முகத் தேர்வுக்குமுன், சொல்ல வேண்டியதை எழுதிப் பாருங்கள். நண்பர் ஒருவர்முன் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் இயல்பை மாற்றிக்கொண்டு ஆரவாரம் செய்ய வேண்டியதில்லை. குறைவாகவே பேசுங்கள், ஆனால் உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் திரும்பாதீர்கள்.

வாயுள்ள பிள்ளை மட்டுமன்றி, வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையும் பிழைக்கும் சமுதாயத்தை அமைப்பதே கல்விச் சங்கத்தின் கடமை எனக் கூறி அமைகின்றேன்.