வந்தப் பையன்



முதலாண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரையில் ‘அந்தப் பையன்’ சரியாக இருந்தது. இரண்டு வரி தள்ளி ‘வந்தப் பையன்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் வட்டமிட்டேன். அந்தப் பக்கத்தில் மட்டும் எட்டு வட்டங்கள். தாளை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்: “ஐயா, அந்த-வுக்கு ஒற்று வருமானால் வந்த-வுக்கு ஏன் வராது?”

பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகாது என்று நான் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கவனமில்லாமல் எழுதவில்லையே! தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குத் தானே ஒரு விதி கட்டியிருக்கிறாள். நான் அந்த மூளையைப் பார்க்காமல் ஒற்றை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பிழைக்குப் பின்னால் இருக்கும் மூளையைப் பார்த்த ஒருவர் இருந்தார். 1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்நகரில் பள்ளிப் படிப்பை முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசியவர்கள் திரளாக வந்தார்கள். இவர்களுக்கு எழுத்து வராது என்று கைவிரித்தவர்கள் உண்டு. சிட்டி கல்லூரியில் மீனா ஷாக்னெசி என்ற ஆசிரியை கைவிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு பிழையிடமும் ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்டார். பிழைகளுக்குள் ஒழுங்கு இருக்கிறது, இவர்கள் எழுத்துக்குப் புதியவர்கள், அவ்வளவுதான் என்று 1977-இல் நூலாக எழுதினார். மறு ஆண்டே மறைந்துவிட்டார். நம் வகுப்புகளிலும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதால்தான் அவரை இங்கே நினைக்கிறேன்.

வட்டங்களுக்குப் பயந்த பிள்ளை என்ன செய்யும்? நோட்ஸை மனப்பாடம் செய்யும். முன்னுரை, முடிவுரை எல்லாம் இருக்கும். எழுதியவள் மட்டும் அதில் இருக்க மாட்டாள்.

எழுபது பேர் வகுப்பில் ஒவ்வொரு பிழையும் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நேரமேது என்பீர்கள். நியாயம்தான். பருவத்துக்கு ஒரே ஒரு கட்டுரை போதும், ஆனால் இரண்டு முறை எழுதட்டும். முதல் படிக்கு மதிப்பெண் வேண்டாம். ஒரு வகைப் பிழையை மட்டும் பேசுங்கள். அது எந்தப் பிழை என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் புலமை இருக்கிறது.

அந்த மாணவியிடம் விதியை நான் சொல்லவில்லை. பாடநூலிலேயே தேடிப் பார்க்கச் சொன்னேன். மறுவாரம் இரண்டு பட்டியலோடு வந்தாள். அந்த, இந்த, எந்த ஒரு பக்கம். வந்த, போன, படித்த மறுபக்கம். “இதெல்லாம் வினையிலிருந்து வந்தது ஐயா, அதனாலதான் ஒற்று வரல” என்றாள்.