வண்டிக்கும் மூச்சு வாங்கும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவைப் பத்தி பத்து நிமிஷம் பேசுடா" என்றார் நம் செயலாளர் நண்பர். அமெரிக்கா பெரிய நாடு, பத்து நிமிஷம் சின்ன நேரம். அதனால் ஒரே ஒரு பயணத்தைப் பற்றி, அதிலும் அதற்குத் திட்டம் போட்ட கதையை மட்டும் சொல்லுகிறேன். மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதில் கொஞ்சம் கணக்கும் உண்டு.

அங்கே ஆர்.வி. என்று ஒரு வண்டி இருக்கிறது. நடமாடும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை, குளியல் எல்லாம் உண்டு. வாடகைக்கும் கிடைக்கும். நாங்கள் எடுத்தது 28 அடி நீளம், பதினொன்றரை அடி உயரம். ஓட்டுநர் தலைக்கு மேலேயும் ஒரு படுக்கை உள்ள ரகம். இதை ஓட்டத் தனி உரிமம் வேண்டியதில்லை, கார் உரிமமே போதும். அதுதான் பயமே!

2024 ஜூன் மாதம். ஹூஸ்டனிலிருந்து கொலராடோ மாநிலத்து ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு, போக மட்டும் சுமார் 1,100 மைல். நான், மனைவி, பதினாறு வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா என்று ஐந்து பேர்.

அப்பாவுக்கு வயது 73. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. மலை என்ற பேச்சை எடுத்ததுமே அவர் சொன்னார்: "என்னால உங்க பயணம் கெட வேண்டாம்பா. நீங்க போயிட்டு வாங்க. நானும் அம்மாவும் வீட்டுலயே இருக்கோம்." அடுத்த தடவை அவர் அவ்வளவு தூரம் விமானத்தில் வருவாரா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை, கூட்டிக்கொண்டு போகவும் பயம்.

அந்தப் பூங்காவில் டிரெயில் ரிட்ஜ் ரோடு என்று ஒரு சாலை. 48 மைல் நீளம். உச்சியில் 12,183 அடி. நம் தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர், அதாவது சுமார் 8,650 அடி. இந்தச் சாலை அதற்கும் மேலே இன்னொரு 3,500 அடி போகிறது. ஹூஸ்டனோ கடல் மட்டத்தில் இருக்கிற ஊர்.

இங்கேதான் நம் தெர்மல் வகுப்பு எனக்குக் கைகொடுத்தது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். 12,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எஞ்சினில் பழுது ஏதும் இல்லை. அது இழுக்கிற காற்று லேசாகிவிட்டது, அவ்வளவுதான். அதே காற்றைத்தான் அப்பாவும் சுவாசிக்கப் போகிறார். அவருக்கும் மூச்சுக்கு மூன்றில் ஒரு பங்கு பிராணவாயு குறையும். வண்டிக்கும் மூச்சு வாங்கும், மனிதனுக்கும் மூச்சு வாங்கும். இது புரிந்த பிறகு, எத்தனை இடம் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருந்த பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை அடி ஏறலாம் என்று ஒரு புதுத் தாளில் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் டாக்டரிடம் போனோம். அவர் "கூடாது" என்று சொல்லவில்லை. "ஒரேயடியாக ஏறாதீர்கள். நடுவில் தங்கித் தங்கிப் போங்கள். மூச்சுத் திணறல், தலைவலி, வாந்தி என்றால் யோசிக்காமல் கீழே இறங்குங்கள்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஹூஸ்டன்காரர்கள் டென்வருக்குக் காரில் இரண்டே நாளில் போய்விடுவார்கள். நான் இரவு தங்கும் ஊர்களை உயரத்தைப் பார்த்துப் பொறுக்கினேன். முதல் இரவு ஃபோர்ட் வொர்த், 650 அடி. இரண்டாவது அமரில்லோ, 3,600 அடி. மூன்றாவது நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராட்டன், 6,680 அடி. பிறகு கொஞ்சம் இறங்கி, 5,280 அடியில் இருக்கும் டென்வர் பக்கம் இரண்டு இரவு முழு ஓய்வு. அதன் பிறகுதான் பூங்கா வாசலில் உள்ள எஸ்டெஸ் பார்க், 7,500 அடி. எந்த நாளும் 350 மைலைத் தாண்டவில்லை. மாலை நான்கு மணிக்குள் முகாமுக்குப் போய்விட வேண்டும் என்பது கட்டளை. இருட்டில் 28 அடி வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது எப்படிப்பட்ட வித்தை என்று ஓட்டியவருக்குத் தெரியும்.

அந்த மலைச்சாலை பனியால் மூடிக் கிடக்கும். பெரும்பாலும் மே கடைசியில்தான் திறப்பார்கள், அக்டோபரில் மூடிவிடுவார்கள். அதனால் ஜூன் பிற்பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். முகாம் இடங்களைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்தாகிவிட்டது. தேசியப் பூங்கா முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், கோடைக்கால இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் அப்பாவை உத்தேசித்து, மின்சாரமும் தண்ணீரும் இணைப்பு கொடுக்கும் ஊர் முகாமிலேயே தங்கினோம்.

அடுத்தது வண்டி. அதன் உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங் எதிரில் ஒட்டினேன். தாழ்ந்த பாலத்தையும் பெட்ரோல் பங்க் கூரையையும் பார்த்தால் கண் தானாக அந்தத் தாளுக்குப் போகும். கேலனுக்கு ஒன்பது மைல்தான் கொடுக்கும் என்று கணக்குப் போட்டதில், போக வர, அங்கே சுற்ற என்று 2,400 மைலுக்கு சுமார் 270 கேலன், அதாவது ஆயிரம் லிட்டர் பெட்ரோல்! செலவுப் பட்டியலில் முதல் வரியே அதுதான்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பு விட்டுவிடும். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்க வேண்டும். இது அமெரிக்கப் பாடம் ஒன்றும் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ் ஓட்டுகிற நம் டிரைவர் அண்ணன்களுக்குத் தெரிந்ததுதான். 7,834 அடி ராட்டன் கணவாயைத் தாண்டி இறங்கும்போது அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டி 40 கேலன், அதாவது 150 லிட்டர். ஐந்து பேருக்கு அதுதான் எல்லாம். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னதற்கு, "தெருக்குழாயில குடம் பிடிச்சு வளர்த்தவகிட்டயே சொல்றியா?" என்றார்கள். கழிவுக்கு இரண்டு தொட்டி. கழிப்பறைத் தொட்டியை முதலில் காலி செய்து, பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டியை அடுத்துத் திறக்க வேண்டும். அப்போது சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் ஒரு தடவைக்கு மேல் மாற்ற மாட்டார்கள்!

சாப்பாட்டுக்கு அம்மா கையோடு எடுத்து வந்தது பிரஷர் குக்கர். 7,500 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. பக்கத்து முகாம்காரர்கள் பீன்ஸோடு மல்லாடிக்கொண்டிருக்கையில் எங்கள் வண்டியில் மூன்று விசில், சாம்பார் தயார்.

இனி, தாளின் கடைசி வரி. உச்சிக்குப் போகும் நாளில் யார் "போதும்" என்றாலும் அந்த இடத்திலேயே எல்லோரும் திரும்ப வேண்டும், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இதை வீட்டிலேயே, கிளம்பும் முன்பே, மகனையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிட்டோம். மலை மேலே போய்ப் பேசினால் ஆசை பேசும்.

நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்டதில், டென்வரில் இருக்கும் நம் கல்லூரி ஜூனியர் ஒருவர் கிடைத்தார். எனக்கு எட்டு வருடம் பின்னால் படித்தவர், முகம்கூடப் பார்த்ததில்லை. "அண்ணே, பெரிய வண்டிய முகாம்லயே விட்டுருங்க. அப்பாவ நான் என் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்று ஏழு பேர் உட்காரும் தன் காரோடு வந்துவிட்டார்.

பிற்பகலில் இடி மின்னல் வரும் என்பதால் காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். 9,640 அடியில் மெனி பார்க்ஸ் கர்வ் என்ற வளைவில் அப்பா இறங்கி நின்று பார்த்தார். 10,829 அடியில் ரெயின்போ கர்வ். அங்கே சிறிது நேரம் நின்றவர், "போதும்டா" என்றார். அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, லேசான மூச்சிரைப்புதான். உச்சிக்கு இன்னும் 1,400 அடியே பாக்கி. மகன் என்னைப் பார்த்தான். நான் ஜூனியரைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கார் திரும்பியது. மறுநாள் காலை மகனை மட்டும் ஜூனியர் உச்சிவரை கூட்டிப் போய் வந்தார். அப்பா முகாமில் காபி குடித்துக்கொண்டு, அவன் எடுத்து வந்த படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு, தான் போன உயரத்தை 10,829 என்று அடி சுத்தமாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறார்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் பல ஊர்களுக்குப் போவீர்கள். உங்கள் பெற்றோர் உங்களைத் தேடி வருவார்கள். "வயசாயிடுச்சு, வேண்டாம்" என்று சொல்வது சுலபம். "ஒண்ணும் ஆகாது, வாங்க" என்று இழுத்துப் போவதும் சுலபம். இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போடுவதுதான் சிரமம். உங்கள் கூட்டத்தில் யாருக்கு முதலில் மூச்சு வாங்கும் என்று பாருங்கள். அவருக்கு ஏற்றபடி நாட்களைப் பிரியுங்கள். எங்கே திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். அந்தக் கணக்குக்கு வேண்டிய படிப்பை இந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்தது. வழியில் கை கொடுக்க ஒரு தம்பியையும் கொடுத்தது.