பியர் குடியாகுமா?

(குச்சவெளியில் கடற்றொழிலாளரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் ஏறிப் பியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காணி, கடல், மொழி, தொழில் என்று பேசுவதற்கு இப்பகுதியில் விடயங்களுக்குப் பஞ்சமில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் திரியாய், கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, நிலாவெளி என்று நான் சென்றுவந்த இடங்களிலெல்லாம், கூட்டம் கலைந்த பின்னர் ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, நான் சாராயம் தொடுவதில்லை. பியர் மட்டுந்தான். இதுவும் குடியா?" என்று ஆடவர் கேட்கின்றனர். "ஐயா, பியர்தானே என்று அவர் சொல்கிறார். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லையே" என்று பெண்கள் சொல்கின்றனர். ஒரே வழக்கில் இரு தரப்பினரும் தனித்தனியே வந்து ஒரே சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்பது போன்றதே இது. இரு தரப்பாரும் இன்று இச்சபையில் அமர்ந்திருப்பதால், இருவருக்கும் பொதுவாகவே விடை கூற முற்படுகிறேன்.

மார்க்கம் மதுவை அறவே விலக்கியிருக்கிற இஸ்லாமிய சகோதரர்கள் பலர் இங்கு வந்திருக்கின்றனர். அவர்களுக்கு இக்கேள்வியே எழாது. எழாதிருப்பது அவர்களுடைய நற்பேறு. மற்றவர்களை நோக்கி, "தொட்டவனெல்லாம் கெட்டவன்" என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. அவ்வாறு கூறினால் கேட்பவர் தலையாட்டிவிட்டு நேரே கடைக்குப் போவார் என்பதும் எனக்குத் தெரியும்.

நமது பழைய இலக்கியமே இதில் இரு குரலிற் பேசுகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235 ஆம் பாடலாக நிற்கின்றது. சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், நிறையக் கிடைத்தால் தாம் பாட உடனிருந்து உண்டு மகிழ்வான் என்றும் அந்த மூதாட்டி அவனை நினைந்து அழுகின்றார். அங்கே கள் நட்பின் அடையாளம். வள்ளுவரோ 93 ஆம் அதிகாரம் முழுவதையும் கள்ளுண்ணாமைக்கே ஒதுக்கினார். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், பொதுமகளிர் உறவுக்கும் சூதுக்கும் இடையில் வைத்தார். மானம், அறிவு, கைப்பொருள் ஆகியவற்றுக்கு வரும் கேடாகவே அவர் அதைக் கணித்தார் என்று நான் கொள்ளுகிறேன். ஒளவையார் கண்டதும் வள்ளுவர் கண்டதும் ஒரே பொருளைத்தான். ஒன்று மற்றொன்றாக மாறும் இடம் எது என்பதே நம் கேள்வி.

முதலில் "பியர்தானே" என்ற அந்தச் சொல்லை விசாரிப்போம். பியர் நமக்குப் புதிய சரக்கன்று. நுவரெலியாவில் 1881 இலேயே அது வடிக்கப்பட்டது. ஆங்கிலக் கடற்படை 1957 இல் வெளியேறும் வரை திருகோணமலைத் துறைமுகம் அதை நன்கறிந்திருந்தது. இன்று நிலாவெளிக் கரையோர விடுதிகளில் வெள்ளைக்காரர் வெயிலிற் சாய்ந்திருந்து அருந்துவதைப் பார்த்து, இது சர்பத்துக்கு அடுத்த படி என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். அரசாங்கமும் இவ்வெண்ணத்துக்குத் துணைநின்றது. 2017 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் பியருக்கான வரி குறைக்கப்பட்டது. கடுமையான மதுவிலிருந்தும் கசிப்பிலிருந்தும் மக்களை மென்மையான மதுவின்பால் திருப்பலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

மென்மையானதா? போத்தலைத் திருப்பி அதன் முகச்சீட்டைப் படியுங்கள். நான் சட்டம் படித்தவன். சிறிய எழுத்தைப் படிப்பதே என் பிழைப்பு. பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். சாதாரணப் பியரில் நூற்றுக்கு 4.8 பங்கு மதுசாரம் என்றால், போத்தலொன்றில் 30 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கின்றது. "ஸ்ட்ரோங்" என்று கேட்டு வாங்கப்படும் கடும் பியரில் நூற்றுக்கு 8.8 பங்கு; அதாவது போத்தலுக்கு 55 மில்லிலீற்றர். இனிச் சாராயத்துக்கு வருவோம். கால்போத்தல் 180 மில்லிலீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு மதுசாரம் என்று கொண்டால் 60 மில்லிலீற்றர். ஆகவே, "நான் சாராயம் தொடமாட்டேன், இரண்டு ஸ்ட்ரோங் பியர் மட்டுமே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர், ஏறத்தாழ அரைப்போத்தல் சாராயம் குடித்தவர். நுரை வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே செல்லும் பொருள் ஒன்றே. ஈரல் முகச்சீட்டைப் படிப்பதில்லை.

கடலுக்குப் போகும் தம்பிமாருக்கு இக்கணக்கு உயிர்க்கணக்கு. நம் உடல் மணிக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 கிராம் மதுசாரத்தையே கழிக்க வல்லது. தண்ணீரில் தலையை நனைத்தாலும், தேசிக்காய்ச் சாறு குடித்தாலும், வாந்தி எடுத்தாலும் இரத்தத்திற் கலந்துவிட்டது விரைவாக நீங்காது. இரண்டு கடும் பியரில் சுமார் 86 கிராம் உண்டு. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டையும் குடித்து முடித்துவிட்டு, சற்றே தூங்கி, அதிகாலை மூன்று மணிக்கு இயந்திரப் படகைத் தள்ளுகிறவரின் இரத்தத்தில் அப்போதும் 30 கிராம் அளவு எஞ்சி நிற்கின்றது. அது ஒரு முழுச் சாதாரணப் பியரிலும் கூடியது. அவர் தூங்கி எழுந்ததால் தெளிந்துவிட்டதாகக் கருதுகிறார். வலைக்கயிறு காலிற் சுற்றும்போது அவருடைய கருத்து அங்கே எடுபடாது. வெயிலில் அருவி வெட்டிவிட்டுத் தாகத்துக்குப் பியர் குடிக்கும் கமக்காரருக்கும் ஒரு வார்த்தை: அது நீரை உடலிற் சேர்ப்பதைவிடச் சிறுநீராக வெளியே தள்ளுவதிலேயே முனையும். தாகத்துக்குத் தண்ணீரைக் குடியுங்கள்.

சரி, அளவு ஒரு சான்று. அளவு மட்டுமே தீர்ப்பாகிவிடுமா? ஆகாது. இனித்தான் நாம் வழக்கின் மையத்துக்கு வருகிறோம்.

1976 இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்ற்றன் குறொஸ் என்ற இரு வைத்திய அறிஞர்கள் மது அடிமைநிலையின் அறிகுறிகளை வகுத்துத் தந்தனர். அவற்றுள் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது குடியின் குறுக்கம் பற்றியது. மகிழ்ச்சிக்காக அருந்துபவரின் பழக்கம் சந்தர்ப்பத்துக்கேற்ப மாறும். மீன் நன்றாகப் பட்ட நாளில் நண்பரோடு ஒரு போத்தல். கலியாண வீட்டில் ஒன்றிரண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றுமில்லை. கோயிற் கொடியேறினால் ஒன்றுமில்லை. அவருடைய வாழ்க்கை குடியை நடத்துகின்றது. அடிமைப்பட்டவரின் குடிக்குக் காலபேதம் கிடையாது. வாடைக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளித்துப் படகு கரையிற் கிடந்தாலும் அதே நேரம், அதே அளவு. கையிற் காசில்லையேல் கடன். செத்த வீட்டிலும் அவர் கண் மணிக்கூட்டில் இருக்கும். அவருடைய நாள் முழுவதும் அந்த ஒரு வேளையைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கும். இவ்விருவரும் ஒரே சனிக்கிழமை ஒரே மேசையில் ஒரே அளவு குடிக்கக்கூடும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. புதன்கிழமை தெரியும்.

மற்றோர் அறிகுறியை நம்மூரில் பெருமையாகவே பேசுகின்றனர். "அவர் எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டார், ஆள் நல்ல நிதானம்" என்கிறோம். முன்பு ஒரு போத்தலில் வந்த மயக்கத்துக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கின்றது என்பதுதான் அதன் பொருள். வீதியில் விழுந்து கிடப்பவனையே குடிகாரன் என்று நாம் அடையாளம் வைத்திருக்கிறோம். விழாதவன் தப்பித்துக்கொள்கிறான். உண்மையில் மூளை மதுவுக்குப் பழகிப்போய்விட்டது என்பதற்கு அந்த விழாமையே சாட்சி. காலையிற் கை நடுங்கி, ஒரு மிடறு உள்ளே போனவுடன் நடுக்கம் நின்றால், அதற்குமேல் சாட்சி விசாரணையே தேவையில்லை.

தம் வழக்கைத் தாமே விசாரிக்க விரும்புவோருக்கு, 1984 இல் ஜோன் யூயிங் என்ற அமெரிக்க வைத்தியர் வெளியிட்ட நான்கு கேள்விகள் உதவும். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? உங்கள் குடியைப் பிறர் குறைகூறியபோது எரிச்சல் அடைந்ததுண்டா? அதன் பொருட்டு உள்ளத்தில் குற்றவுணர்வு வந்ததுண்டா? நடுக்கம் தீரவோ தலைப்பாரம் நீங்கவோ காலையில் எழுந்தவுடன் குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆம் என்றால் வைத்தியரிடம் செல்வதற்கு அதுவே போதிய காரணம். ஆனால் எவனும் தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. எனவே, விடையை மனைவியிடமும் கேளுங்கள். அவர் இரண்டாவது கேள்விக்குச் சொல்லும் பதில் உங்கள் பதிலிலிருந்து வேறுபட்டால், அவரையே நம்பும்படி நான் ஆலோசனை கூறுவேன்.

மற்றொரு சோதனையும் உண்டு. அதற்கு வைத்தியர் வேண்டியதில்லை. "இன்று ஒன்றே ஒன்று" என்று தீர்மானித்துக் கடைக்குப் போன நாட்களில் எத்தனை நாள் ஒன்றோடு திரும்பினீர்கள்? நான்கு வாரத்துக்குப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதிப் பாருங்கள். போகும்போது தீர்மானித்த எண் ஒரு பக்கம், திரும்பும்போது குடித்திருந்த எண் மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போனால் நீங்கள் சுவைப்பவர். ஒவ்வொரு வாரமும் மறுபக்கம் கூடிக்கொண்டே போனால், தீர்மானிப்பது நீங்களல்லர்.

சுவைப்பவர் என்று தேறியவரும் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988 இலேயே வகைப்படுத்தியது. எந்த அளவும் முற்றிலும் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அறிந்துகொண்டு குடிப்பதும் அறியாமற் குடிப்பதும் ஒன்றல்ல.

சட்டம் பற்றிச் சிறிது. வெறியில் செய்தேன், அறியாமற் செய்தேன் என்று என் அலுவலகத்தில் அழுபவர்கள் பலர். தானாக விரும்பிக் குடித்தவனுக்கு, தெளிந்திருந்தவனுக்குள்ள அறிவு இருந்ததாகவே நமது தண்டனைச் சட்டக்கோவையின் 79 ஆம் பிரிவு கொள்ளுகின்றது. பியர்தான் குடித்தேன் என்பது அங்கே எதிர்வாதமாகாது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்பது குற்றம். பியரும் அதில் அடங்கும். ஆகவே, மகனிடம் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். தாய்மார்களே, அடியும் மிரட்டலும் நேருமிடத்து, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அது கணவரைச் சிறையிலடைக்கும் விண்ணப்பம் அன்று. வீட்டுக்குள் அடி விழாதிருக்கப் பெறும் கட்டளை. குடியை விட்டபின் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இவ்வுரையைக் கேட்டுவிட்டு ஆவேசத்தில் எவரும் செய்யக்கூடாத ஒன்றுண்டு. ஆண்டுக்கணக்காக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. முதல் இரு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி, இல்லாதவற்றைக் கண்டு அலறும் நிலை வரலாம். இதைப் பேய் பிடித்ததென்று எண்ணி வீட்டிற் கட்டிவைத்தால் உயிரே போகக்கூடும். சாமிக்கு நேர்ந்து கையில் நூல் கட்டிக்கொண்டு அன்றே விட்டவருக்கும் இது நேரும். நேர்த்தியிற் குறையில்லை, உடலின் இயல்பு அது. காலையிற் கை நடுங்குபவர்கள் வைத்தியரின் மேற்பார்வையில், மருந்தின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. நடந்து செல்ல வெட்கப்படுபவர்கள், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணில் முதலிற் பேசலாம். வைத்தியரிடம் போகும்போது, நாளொன்றுக்கு எத்தனை போத்தல், சாதாரணமா ஸ்ட்ரோங்கா, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ளவரிடம் விடுவது நல்லது.