5 டாலர் போர்வை

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி, கையாலும் தையல் மெஷினாலும் தைத்து ஒரு 'குயில்ட்' போர்வை செய்தார். 1886 கண்காட்சியில் ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், தரவில்லை. 1891-இல் பணக் கஷ்டம். 10 டாலர் கேட்டவர் 5-க்கே கொடுத்தார். ஆனால் 11 கட்டங்களுக்கும் விளக்கம் சொன்னார். ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார்.

இன்று அது ஸ்மித்சோனியன் மியூசியத்தின் சொத்து. வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும், ஒரே மடிப்பில் வைத்தால் இழை அறும், இரண்டையும் தடுக்கலாம். அந்த விளக்கம் மட்டும் இல்லையென்றால்? குறிப்பு இல்லாத டிராயிங் மாதிரிதான்!

உங்க பாட்டி தைத்தது ஏதாவது வீட்டில் இருக்கிறதா? துணியைப் பத்திரப்படுத்துங்கள், கதையை இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.