அந்தக் குழந்தை குற்றவாளியா?

(ஆசிரியர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு இயக்க வேலைக்கு வந்தவர்கள். புள்ளிவிவர நிபுணர்கள் அல்ல. ஆயினும் ஜனத்தொகைப் பாடத்தைப் பற்றி இன்று பேச முன்வந்தோமென்றால், அதற்குக் காரணம் ஒரு சிறுமி.

விவசாயத் தொழிலாளி ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு. "வறுமைக்குக் காரணம் என்ன?" என்று ஒரு கேள்வி. "ஏழைகள் அதிகக் குழந்தைகள் பெறுவதே" என்று விடை எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த நோட்டை எடுத்து வந்து அவள் நம்மிடம் கேட்டாள்: "மாமா, எங்க வீட்டிலே நான் நாலாவது. நான் பொறக்காம இருந்திருந்தா எங்கப்பாவுக்குக் கடன் இருந்திருக்காதா?"

பதினான்கு வயதுக் குழந்தை, தான் பிறந்ததே குற்றமென்று நினைக்கிறது! இதைவிடக் கொடிய பாடம் வேறு உண்டா?

பாதிரியார் சொன்ன கணக்கு

இந்த விடை இன்று பிறந்ததல்ல. 1798ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மால்தஸ் என்ற பாதிரியார் எழுதினார்: ஜனங்கள் 1, 2, 4, 8 என்று பெருகுவார்கள், உணவோ 1, 2, 3, 4 என்றுதான் வளரும், ஆகவே பஞ்சமும் பிணியும் தவிர்க்க முடியாதவை. ஏழைகளுக்குச் சட்டப்படி கிடைத்துவந்த உதவியையும் அவர் எதிர்த்தார். ஆலை முதலாளிகளுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் இது எவ்வளவு இனித்திருக்கும்! பட்டினிக்குக் கூலிக் குறைவு காரணமல்ல, பட்டினி கிடப்பவனே காரணம் என்றாகிவிட்டதல்லவா?

சரித்திரம் என்ன சொல்கிறது? 1950-51இல் நம் நாட்டின் தானிய உற்பத்தி சுமார் 5 கோடி டன். 2022-23இல் சுமார் 33 கோடி டன். ஜனத்தொகை நாலு மடங்குகூட ஆகவில்லை. தானியம் ஆறு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். களஞ்சியத்தில் தானியம் இருக்கிறது. அதை வாங்கக் கையில் காசு இல்லை.

1943இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். அரிசி இல்லாமலா? 1941இல் இருந்ததைவிட 1943இல் அரிசி குறைவல்ல என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் காட்டினார். 1941இல் பஞ்சம் வரவில்லையே! யுத்தகால விலையேற்றம், பதுக்கல், வெள்ளை சர்க்காரின் அலட்சியம் இவையே கூலி ஜனங்களைக் கொன்றன.

ஏன் பெருகியது? ஏன் குறைகிறது?

ஜனத்தொகை பெருகவே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1951இல் 36 கோடி. 2011இல் 121 கோடி. பள்ளி, ஆஸ்பத்திரி, குடிநீர் எல்லாவற்றையும் இது நெருக்குகிறது என்பதும் உண்மை. ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள். திடீரென்று ஜனங்கள் அதிகமாகப் பெறத் தொடங்கியதால் அல்ல, சாவு குறைந்ததால் பெருகியது. 1911க்கும் 1921க்கும் இடையே விஷக்காய்ச்சலும் பஞ்சமும் தாக்கி இந்தியாவின் ஜனத்தொகை குறைந்தே போயிற்று. அன்றும் தாய்மார்கள் நிறையத்தான் பெற்றார்கள். பிள்ளைகள் தங்கவில்லை.

பிள்ளை தங்குமா என்பது நிச்சயமில்லாதபோது, முதுமையில் சோறு போட வேறு நாதியில்லாதபோது, ஏழை அதிகம் பெறுகிறான். அது அறியாமையல்ல, அவன் போட்ட கணக்கு. வாழ்க்கை மாறினால் கணக்கும் மாறும். 1971இல் ஆயிரம் சிசுக்களில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன, 2020இல் 28. 1950களில் ஒரு தாய்க்குச் சராசரி ஆறு குழந்தைகள். 2019-21 ஆய்வில் இரண்டு. அதே ஆய்வில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 1.8, பீகாரில் 3. பள்ளி வாசலையே மிதிக்காத பெண்களுக்கு 2.8, பன்னிரண்டு வகுப்போ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 1.8. எந்த மதம், எந்த ஜாதி என்று விரல் நீட்டுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் படிக்கட்டும்.

தடியால் ஆகுமா?

அவசரநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். எத்தனையோ ஏழைகளைப் பிடித்து இழுத்துச் சென்றார்கள். பலன்? குடும்பக் கட்டுப்பாடு என்ற நல்ல சொல்லே ஜனங்களுக்குக் கசந்துபோயிற்று. அதன்பின் பாரம் முழுவதும் பெண்கள் தலையில் ஏறியது. 2014இல் சத்தீஸ்கரில் கருத்தடை முகாமுக்குப் போன ஏழைப் பெண்கள் பத்துப் பேருக்கு மேல் பிணமானார்கள்.

"சீனத்தில் கட்டாயம் இருந்ததே?" என்று நம்மைக் கேட்பார்கள். இருந்தது, மறைப்பதற்கில்லை. 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைச் சட்டம் நடந்தது. பிறகு மூன்று வரை பெறலாமென்று சர்க்காரே அனுமதித்தும் பிறப்பு உயரவில்லை. 2022இல் ஜனத்தொகை குறையத் தொடங்கியது. கேரளமோ, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நிலச் சீர்திருத்தம் இவற்றின் வழியே, தடியெடுக்காமல் சிறு குடும்பத்தை அடைந்தது. யார் செய்தாலும் தடி தடிதான். எத்தனை குழந்தை என்பதைத் தாய் தீர்மானிக்க வேண்டும். அதற்கான படிப்பும் மருத்துவ வசதியும் அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

வகுப்பில் செய்ய வேண்டியது

ஆசிரிய நண்பர்களே! விடையை எழுதிப் போடாதீர்கள், விசாரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டியிடம் கேட்டு வரட்டும்: எத்தனை பெற்றீர்கள், எத்தனை தங்கின, என்ன நோயில் போயின? தாயிடமும் அதையே கேட்கட்டும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஊரில் நிலம் யாரிடம் எவ்வளவு, கூலி வேலை ஆண்டில் எத்தனை நாள், ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்று கணக்கெடுக்கச் சொல்லுங்கள். பாடம் தானே விளங்கும். வீட்டில் எத்தனை பேர் என்று வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லி எந்தக் குழந்தையையும் கூச வைக்காதீர்கள்.

அந்தச் சிறுமியின் தந்தையிடம் கடனைப் பற்றிக் கேட்டோம். மழை பொய்த்த ஆண்டில் மூன்று மாதம் வேலையில்லை. அரிசிக்காக வாங்கிய பணம், வட்டியோடு வளர்ந்து நிற்கிறது. அவளை உட்கார வைத்து அந்த வட்டிக் கணக்கை நாமும் அவளுமாகப் போட்டோம். போட்டு முடித்ததும், "அப்போ நான் இல்லே, வட்டிதான்" என்றாள்.

நாட்டின் ஒவ்வொரு வகுப்பறையிலும் அந்தக் கணக்கு போடப்படட்டும்!