வீடுதோறும் செல்பவரின் சொல் சபையேறட்டும்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே,

நம் ஊரில் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி தவறிற்று, எந்த முதியவர் இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்பதை நன்கறிந்தவர் யார்? கிராம சுகாதார செவிலியரும், 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலருமே ஆவர். ஆயினும் இவர்களிடம் நாம் கணக்குக் கேட்கிறோமேயன்றிக் கருத்துக் கேட்பது அரிது.

இதனால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தன்னார்வலர் முற்பகலில் மாத்திரையுடன் ஒரு வீட்டுக்குச் செல்கிறார். அவ்வீட்டு அம்மாள் நடவுக்குப் போயிருக்கிறார். ‘வீட்டில் இல்லை’ என்று பதிவாகிறது. மறுமுறையும் அவ்வாறே. மேலிடத்துக்குச் செல்வது அந்த எண்ணிக்கை மட்டுமே. நடவுக் காலத்தில் மாலையில் சென்றால் அவரைக் காணலாம் என்னும் செய்தி தன்னார்வலரோடு நின்றுவிடுகிறது. மாத்திரை தவறத் தவறப் பக்கவாதமும் மாரடைப்பும் நெருங்குகின்றன. குடும்பத்தைத் தாங்கிய கை ஓய்ந்துவிடுகிறது.

இது மருத்துவத் துறைக்கு மட்டும் உரிய கவலையன்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் சுகாதாரத்தையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்த்துள்ளது. தங்கள் சுகாதாரப் பணியைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகுமென 1978இல் அல்மா அட்டா மாநாடு அறிவித்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ‘ஆஷா’ பணியாளர்களுக்கு விருதளித்துச் சிறப்பித்தது. பாராட்டுதல் நன்று, யோசனை கேட்டல் அதனினும் நன்று.

அதற்கு வழி நம் கையிலேயே உள்ளது. தமிழகத்தில் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு நான்காக இருந்து, 2022இல் ஆறாக உயர்த்தப்பட்டன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் செவிலியரையும் தன்னார்வலரையும் அழைப்போம். எத்தனை வீடுகள் விடுபட்டன, ஏன் விடுபட்டன, எதை மாற்றினால் சரியாகும் என்ற மூன்றையும் கேட்போம். நோயாளியின் பெயரைச் சபையில் எவரும் கூறலாகாது. அவர்கள் கூறுவதில் தக்கதைத் தீர்மானமாக்கி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் அனுப்புவோம். வந்த மறுமொழியை அடுத்த கூட்டத்தில் படிப்போம்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். சிறு ஊக்கத்தொகை பெறும் பெண்ணொருத்தி மேலதிகாரியின் ஏற்பாட்டில் குறையுண்டு என்று தனியே எடுத்துரைக்கத் தயங்குவது இயல்பு. அக்குறை சபையின் தீர்மானமாகச் சென்றால் அது ஊரின் குரலாகும். அவர் மீது பழி வாராது.

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பர். அப்பழமொழியைப் பொய்யாக்கவே கிராம சபை என்னும் அம்பலம் ஏற்பட்டது. அடுத்த கூட்டத்திலேயே அவர்களுக்கு முன்வரிசையில் இருக்கையளித்து, அவர்கள் சொல்லை நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றுவோமாக!