நம் அனுமதிச் சீட்டு



கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பனி கொட்டத் தொடங்கியதும், பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் வெயில் தேடித் தெற்கே புறப்படுகிறார்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய வண்டியே அவர்களுக்கு வீடு. 'பனிப்பறவைகள்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். அரிசோனாவில் குவார்ட்சைட் ஊர் அருகே, பாலைவன அரசு நிலத்தில் தங்க அனுமதிச் சீட்டு தருகிறார்கள்: செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. பிறகு கிளம்பிவிட வேண்டும்.

அந்த வண்டியில் தேவையானதற்கு மட்டுமே இடம். தண்ணீரையும் அளந்துதான் செலவிட வேண்டும். பெரிய வீட்டில் ஆளுக்கோர் அறையில் கோபத்தோடு இருந்துவிடலாம். வண்டியில், பவுலடியார் சொன்னபடி, பொழுது சாயுமுன் சமாதானமாகியே தீர வேண்டும்!

காரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. சாராவும் உடன் சென்றார். கூடாரத்தில் வாழ்ந்தாலும், கடவுள் கட்டும் நகரையே அவர்கள் எதிர்நோக்கியிருந்தார்கள்.

நம் அனுமதிச் சீட்டிலும் ஒரு தேதி உண்டு. நமக்குத்தான் அது தெரியாது. பெரியோரே, பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில் எதை இன்றே இல்லாதவருக்குக் கொடுக்கலாம்? பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன தம்பியிடம் இன்றிரவே பேசலாமா?

நம்மிடையே கூடாரமடித்துக் குடிகொண்ட ஆண்டவர் நமக்கு வழித்துணையாக வருவாராக. ஆமென்.